மூன்று நாள் ஊறிய கொடி

பார்ரா செக்கா ஊரில் யாருடைய சட்டை கழுத்தை அறுக்காமல் மெத்தென்று இருக்கிறதோ, அவர் தன் துணியை ஜுரேமாவிடம் போடுகிறார் என்று அர்த்தம். கரும்பாலைத் தொழிலாளிகளின் நீலக் கால்சட்டை புதிதில் தகரம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். அவளிடம் போய்த் திரும்பினால் பத்து வருஷம் உடுத்திப் பழகியதுபோல இடுப்பில் குழைந்து உட்காரும். என்ன சோப்பு போடுகிறாய் என்று கேட்காத ஆள் கிடையாது. "கைதான்" என்பாள். பொய். பாதிப் பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள், கையும் உண்டு.

வடக்கே மினாஸ் பக்கத்து வறண்ட மேட்டிலிருந்து பதினேழு வயதில் கரும்பு வெட்ட வந்தவள் ஜுரேமா. புருஷன் அடெமாரையும் கரும்புக்காட்டில்தான் கண்டாள். அந்தக் காலத்தில் வெட்டுவதற்கு முதல் நாள் காட்டைக் கொளுத்திவிடுவார்கள். தோகையெல்லாம் எரிந்து, மறுநாள் காலையில் கரியோடு கரியாக இறங்கி வெட்ட வேண்டும். முகமெல்லாம் கரி அப்பி, பல் மட்டும் தெரிய ஒருவன் சிரித்தான், அவனைக் கட்டிக்கொண்டாள். "இந்த வெட்டு முடிஞ்சதும் நம்ம ஊருக்குப் போயிடலாம்" என்று கல்யாணமான வருஷம் அவன் சொன்னான். முப்பத்தொரு வருஷமாக அதையே சொல்கிறான்.

நடுவில் எந்திரம் வந்தது. எண்பது பேர் வெட்டுவதை ஒன்றே வெட்டிப் போட்டது. கொளுத்துவதும் நின்றது. எரியாத தோகை வயலெல்லாம் முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. அப்புறம்தான் ஆலைக்காரர்கள் அந்தத் தோகையைக் கட்டுக் கட்டாகச் சுருட்டிக் கொண்டுபோய், கரும்புச் சக்கையோடு சேர்த்து ஏதோ செய்ய ஆரம்பித்தார்கள். அடெமாருக்கு அந்தத் தொட்டிக் கொட்டகையில் வேலை கிடைத்தது. வெயிலில்லாத வேலை. இன்னும் இரண்டு வருஷம் தள்ளினால் ஓய்வு, அதற்குமேல் மாதாமாதம் பணம், ஊர், சொந்த மேடு. அந்த இரண்டு வருஷத்தைத்தான் இருவரும் கண்ணாடிப் பாத்திரம்போலத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் காலைக் காப்பியோடு உட்கார்ந்து அடெமார் அவளுக்குப் பாடமே எடுப்பான்.

"தோகையை நீராவியில வேக வைக்கிறோம் கிழவி. களியா ஆயிடுது, கரண்டிய நட்டா நிக்கும். அதுல பழுப்பா ஒரு பாகு ஊத்துறோம். கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது. முழங்கைய விட்டா பொறுக்கிற சூடு. துளி புளிப்பு. மூணு நாள். நாலாம் நாள் பாத்தா கரண்டி நிக்காது. தண்ணி. நக்கினா இனிக்குது."

"தோகையா இனிக்குது?"

"தோகைதான். அதுக்குள்ள சக்கரை கட்டிப்போட்ட மாதிரி கெடக்காம். இந்தப் பாகு கடிச்சுக் கடிச்சு அவுத்து விடுதாம்."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த தொட்டி. அங்க வேற ஒண்ணா மாறி பாட்டில் செய்ற சாமானா வருது, பசையா வருது. மண்ணுக்குள்ள தோண்டுற எண்ணெயே வேண்டாமாம்."

"நாம கொளுத்துனதையா பாட்டில் பண்றாங்க?"

"நாம கொளுத்துனதைத்தான். எத்தனை பாட்டிலக் கொளுத்தியிருக்கோம் பாரு."

அந்தப் பாகு நீல நிறப் பீப்பாய்களில் வந்தது. தீர்ந்ததும் பீப்பாயை அலசி, ஓட்டை போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது தொட்டிக்கெல்லாம் அதிகாரியான இன்ஜினியர் மிரேலா போட்ட சட்டம். வெளியே எடுத்துப் போனால் வேலை போகும். ஆனால் அடெமாரின் தெருவில் குழாய்த் தண்ணீர் விடிகாலை ஒரு மணி நேரம்தான் வரும். நல்ல மூடி போட்ட பீப்பாயில் ஓட்டை போட எந்த மனுஷனுக்குக் கை வரும்? தோகை லாரியின் அடியில் ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று. தெருவின் பதினெட்டு வீட்டிலும் வாசலுக்குப் பின்னால் தண்ணீர் பிடித்து வைக்க ஒரு நீலப் பீப்பாய். திருட்டு என்பவர்கள் அந்தத் தெருவில் ஒரு வாரம் தண்ணீர் பிடித்துவிட்டு வந்து சொல்லட்டும்.

பீப்பாயின் அடியில் ஒட்டியிருக்கும் பாகை எல்லோரும் ஜுரேமாவிடம் வழித்துக் கொடுத்துவிடுவார்கள். துவைக்கிற தண்ணீரில் அதை ஒரு கரண்டி விட்டால் துணியின் முரட்டுப் பஞ்செல்லாம் உதிர்ந்து மெத்தென்று ஆகிவிடுகிறது என்று தற்செயலாகக் கண்டுபிடித்தவள் அவள்தான். கால் மணி நேரம் ஊறினால் போதும். அதற்குமேல் அவள் விட்டதில்லை. எச்சரிக்கையால் இல்லை, அடுத்த மூட்டை காத்திருக்கும், அவ்வளவுதான்.

பெந்தெகொஸ்தே திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஊர் மரியாதையாகத் தோனா என்று கூப்பிடும் அல்சீரா பரிசுத்த ஆவியின் கொடியைக் கொண்டுவந்தாள். எழுபது வருஷத்துச் சிவப்புப் பருத்தித் துணி, நடுவில் வெள்ளைப் புறா. திருவிழாவன்று அது வீடு வீடாக நுழையும். அதை முத்தமிடுவார்கள், படுக்கைமேல் வீசுவார்கள், நோயாளி தலையில் போர்த்துவார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் ஆளுக்கொரு ரிப்பனை அதில் முடிந்துவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு வீடு அதை வைத்திருக்கும். போன வருஷம் விதவை கோர்தூலாவின் மரப்பெட்டியில் இருந்தது, இந்த வருஷம் அல்சீராவின் முறை. திருவிழாவுக்கு முன் துவைக்க வேண்டும். முடிச்சு ஒன்றையும் அவிழ்க்கக் கூடாது, பிரஷ் படக் கூடாது.

"முத்தம் குடுத்துக் குடுத்து எண்ணெய்ச் சட்டி மாதிரி ஆக்கி வச்சிருக்காங்க ஜுரேமா. மெழுகு வேற. உன் கைராசில மெத்துனு ஆக்கிக் குடு. ஒரு முடிச்சு அவுந்துச்சுன்னா பரிசுத்த ஆவி உன்னைச் சும்மா விடாது."

"ஆவி விட்டாலும் நீங்க விட மாட்டீங்க தோனா."

"தெரிஞ்சா சரி."

தேய்க்காமல் அழுக்கை எடுக்க வேண்டும். கொடியைத் தொட்டுப் பார்த்தாள், பலகை மாதிரி இருந்தது. கால் மணி நேரம் இதற்குப் பற்றாது என்று முடிவு செய்தாள். வேறு யாருக்கும் இல்லாத அறிவு அவளுக்கு இருந்ததே, அதுதான் வினை. பாகு எப்படி நன்றாக வேலை செய்யும் என்று அடெமார் எத்தனை காலை சொல்லியிருக்கிறான். பெரிய அண்டாவை விறகடுப்பின் ஓரத்தில் வைத்தாள். முழங்கை பொறுக்கிற சூடு. இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்தாள். ஜாடியில் சேர்த்து வைத்திருந்த பாகில் பாதியை ஊற்றினாள். சாமி காரியம், குறைக்க மனமில்லை. மூன்று நாள் சூடு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொண்டாள். எந்தத் தொட்டிக்கும் அவ்வளவு அக்கறையான காவல் இருந்திருக்காது.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு கையாலும் கொடியைத் தூக்கினாள். கொடி வரவில்லை. நனைந்த காகிதம்போலக் கைக்குள் பிய்ந்துகொண்டு, பாதி தண்ணீரிலேயே சிவப்புக் கூழாகக் கரைந்து நின்றது. புறா எங்கே என்று தெரியவில்லை. ரிப்பன்கள் மட்டும் மஞ்சளும் பச்சையுமாக, கடையில் வாங்கியதுபோல மினுமினுத்து மிதந்தன. ஒரு முடிச்சும் அவிழவில்லை. முடிச்சுக்குள் பிடித்திருந்த துணிதான் இல்லை.

வேலை முடிந்து வந்த அடெமார் அண்டாவைப் பார்த்தான், ஜாடியைப் பார்த்தான், பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோலைப் பார்த்தான். ஒன்றே ஒன்று கேட்டான்.

"எத்தனை நாள்?"

"மூணு. நீதான சொன்ன."

"நான் தோகைக்குச் சொன்னேன்."

"இது துணிதான அடெமார்."

"பருத்தியும் செடிதான கிழவி. அதுக்குத் தோகை எது, சாமி துணி எதுன்னு தெரியுமா? செடின்னா கடிக்கும். ரிப்பன் பிளாஸ்டிக், அத விட்டுருச்சு." அவன் அடுப்பின் முன் குந்திக்கொண்டான். "நானே கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். ஏன் என்கிட்ட சொல்லல?"

"நல்லா பண்ணிட்டு உன்கிட்ட காட்டலாம்னு."

அடெமார் எலுமிச்சைத் தோல்களைப் பொறுக்கி அடுப்பில் போட்டான். பிறகு அவன் சொன்னான்: "பாகு எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. பீப்பாய் எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. ரெண்டு வருஷம்தான் ஜுரேமா. என்ன வேணா சொல்லு, பாகுன்னு மட்டும் சொல்லாத." அவள் பேரைச் சொல்லி அவன் கூப்பிடுவது அபூர்வம்.

சாயங்காலம் அல்சீரா வந்தாள். ரிப்பன்களைக் கூடையில் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். ஜுரேமா முன்பே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"கையில வாங்கும்போதே இத்துப் போயிருந்துச்சு தோனா. தண்ணில போட்டேன், போயிருச்சு."

"நான் குடுக்கும்போது பலகை மாதிரி இருந்துச்சேடி."

"மெழுகுதான் புடிச்சு வச்சிருந்துச்சு போல. உள்ள ஒண்ணும் இல்ல."

அல்சீரா யோசித்தாள். யோசிக்கவே விட்டிருக்கக் கூடாது. "கோர்தூலா பெட்டி. அந்த வீட்டுச் சுவரே ஒழுகுது. ஒரு வருஷம் ஈரத்துல போட்டு மக்க விட்டிருக்கா மூதேவி. அப்படித்தான?"

ஜுரேமா ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கூடையிலிருந்த ரிப்பன்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் ஊரே பேசியது. கடையில் சிவப்புத் துணி வாங்கிப் புதுக் கொடி தைப்பது, பழைய முடிச்சுகளை முடிச்சாகவே அதில் வைத்துத் தைப்பது, இந்த வருஷம் கொடி கோர்தூலாவின் வாசலை மிதிப்பதில்லை, மூன்றும் ஒரே மூச்சில் முடிவாயின. அந்த ஊரில் கொடி நுழையாத வீடு என்றால் செத்த வீட்டைவிட மோசம். செத்த வீட்டுக்குக்கூட ஆள் வரும்.

கொடி சுற்றாத வீடாக அந்தக் கிழவி வீட்டை நினைத்துப் பார்த்து ஜுரேமாவுக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை பக்கத்து வீட்டு நாதீரிடம், "சொல்லிடலாம்னு இருக்கேன்" என்று வாய்விட்டாள். அரை மணி நேரத்தில் நாதீரோடு தெருப் பெண்கள் ஆறு பேர் வாசலில் நின்றார்கள்.

"உனக்கு மனசாட்சி வேணும்னா வச்சுக்க. எங்க பீப்பாய எதுக்கு அதுல சேக்குற?" என்றாள் நாதீர்.

"என் வீட்டப் பத்தித்தான் சொல்லப் போறேன்."

"உன் வீட்டோட நிறுத்துவாங்களா? லாரி வந்து ஒவ்வொரு வாசலா பாக்கும். என் புருஷன் ஓட்டுனர், அவன் லாரியிலதான் அத்தனையும் வந்துச்சு. முதல்ல அவன் தலை."

"கோர்தூலா தப்பு பண்ணலையே."

"அவளுக்கு என்ன, ஒரு வருஷம் கொடி வரல, அடுத்த வருஷம் வரும். எங்களுக்குத் தண்ணி தினம் வேணும்." நாதீர் குரலைத் தாழ்த்தினாள். "உன் துணி மெத்துனு இருக்கணும்னு நாங்கதான வழிச்சு வழிச்சுக் குடுத்தோம். மறந்துட்டியா அக்கா?"

மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் துணி காயப்போட வெளியே வந்தால் எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரியும். கடைக்குப் போனால் யாராவது கூடவே வந்தார்கள், பேச்சுத் துணைக்கு என்றார்கள். வீட்டுக்குள் அடெமார். வெளியே தெரு. நடுவில் அவள்.

வியாழக்கிழமை கோர்தூலாவே வந்தாள். எழுபத்தாறு வயது. தள்ளுவண்டியில் மரப்பெட்டியை வைத்து, மேட்டுத் தெருவில் தானே தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நீ துணிக்காரி. ஈரம் உன் மூக்குக்குத் தெரியும். மோந்து பாத்துச் சொல்லு."

"எதுக்கு தோனா..."

"மோந்து பாரு."

ஜுரேமா குனிந்து பெட்டிக்குள் தலையை விட்டாள். தேவதாரு வாசனை. கர்ப்பூரம். அடியில் விரித்த வெள்ளைத் துணி மொரமொரவென்று இருந்தது. கொடியை வைத்திருந்த இடம் மட்டும் இன்னும் மெழுகு மணத்தது. நிமிர்வதற்கு அவளுக்கு நேரமாயிற்று.

"காஞ்சுதான் இருக்கு" என்றாள்.

"தெரியும். அத அல்சீராகிட்ட வந்து சொல்லு."

ஜுரேமா ஏப்ரனில் கையைத் துடைத்தாள். கை ஈரமாகவே இல்லை. உள்ளே அடெமார் இருமினான்.

"வர முடியாதா?"

"இப்ப முடியாது தோனா."

கோர்தூலா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு பெட்டியை மூடினாள். "நான் மக்க விட்டதா நீ சொன்னியா, இல்ல அவங்க சொன்னப்ப சும்மா இருந்தியா?"

"சும்மா இருந்தேன்."

"அதான பாத்தேன்" என்றாள் கிழவி. வண்டியைத் திருப்பிக்கொண்டு இறக்கத்தில் போனாள். இறக்கத்தில் வண்டி அவளை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. ஜுரேமா போய்ப் பிடிக்க இரண்டடி வைத்தாள். கிழவி திரும்பாமலே கையை நீட்டி வேண்டாம் என்றாள்.

பெந்தெகொஸ்தே ஞாயிறு. வெயில் நன்றாக அடித்தது. மேளமும் கிதாரும் முன்னால் போக, புதுக் கொடியை அல்சீரா பிடித்து வந்தாள். கோர்தூலாவின் வீடு ஆற்றுப் பக்கத் திருப்பத்தில் இருந்தது. கிழவி கதவைத் திறந்து போட்டு, மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி, சோள ரொட்டியும் காப்பியும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். வராது என்று தெரிந்தும் வைத்திருந்தாள். ஊர்வலம் அந்த வாசலைத் தாண்டியது. மேளக்காரன்கூடப் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

நாதீர் ஜுரேமாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். ஜுரேமா அந்தக் கையை எடுத்துவிட்டு முன்னால் போய்க் கொடியின் கம்பைப் பிடித்தாள்.

"தோனா அல்சீரா, நில்லுங்க. பெட்டி காஞ்சுதான் இருந்துச்சு. துணியக் கெடுத்தது நான்."

மேளம் நின்றது. "நீயா? எப்படி?" என்றாள் அல்சீரா.

"சோப்பு அதிகமாயிடுச்சு."

பாகு என்று சொல்லவில்லை பாருங்கள். கிழவியையும் காப்பாற்றி, புருஷனையும் காப்பாற்றி, தெருவையும் காப்பாற்றித் தானொருத்தி மாட்டிக்கொள்ளலாம் என்று ஒன்பது நாள் யோசித்ததில் அவளுக்கு அகப்பட்ட வழி அது ஒன்றுதான். ஆனால் கூட்டத்தில் தன் அம்மாவோடு இன்ஜினியர் மிரேலா நின்றிருந்தாள். அவள் வந்து புதுக் கொடியில் தைத்திருந்த பழைய ரிப்பன் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். சாயம்கூடப் போகவில்லை.

"துணி முழுசா போச்சு, இது ஒண்ணும் ஆகலையா?"

"ஆகல இன்ஜினியரம்மா."

"கிழிஞ்சதா, கரைஞ்சதா?"

"கரைஞ்சது."

"எவ்வளவு நேரம் ஊற வச்சீங்க?"

ஜுரேமா கூட்டத்தில் அடெமாரைத் தேடினாள். அவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான்.

"மூணு நாள்" என்றாள்.

"சூடாவா?"

"முழங்கை பொறுக்கிற சூடு."

மிரேலா அதற்குமேல் கேட்கவில்லை. ரிப்பனை விட்டுவிட்டு, "திருவிழா முடியட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

அல்சீரா கொடியைத் திருப்பினாள். ஊர்வலம் வந்த வழியே பத்தடி பின்னால் நடந்து கோர்தூலாவின் வாசலுக்குள் நுழைந்தது. கிழவி கொடியை முத்தமிட்டாள், நெற்றியில் ஒற்றினாள், வந்த எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள். ஜுரேமாவின் முன் வந்தபோது கூஜாவை நிமிர்த்திக்கொண்டாள்.

"ஒன்பது நாள் ஆச்சு உனக்கு" என்றாள். அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஆலை லாரி வந்தது. பதினெட்டு வாசலிலிருந்தும் பீப்பாய்களை ஏற்றி, தெரு முனையிலேயே ஆணியடித்து ஓட்டை போட்டார்கள். வெட்டுப் பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது, பதினெட்டு ஆளை ஒரே நாளில் வேலையைவிட்டு அனுப்ப ஆலைக்கு வசதிப்படாது. நாதீரின் புருஷனை லாரி ஓட்டும் வேலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். அடெமாரைத் தொட்டிக் கொட்டகையிலிருந்து எடுத்து, வெயிலில் தோகைக்கட்டு அடுக்கும் களத்துக்குப் போட்டார்கள். அந்தக் களத்தில் இருபத்தைந்து வயதுக்காரனே ஒரு பருவத்துக்குமேல் நிற்பதில்லை. அடெமாருக்கு அறுபத்து மூன்று. இரண்டு வருஷம் என்பது அவனுக்கு இப்போது இரண்டு வருஷமாக இல்லை. விட்டுவிட்டு ஊருக்குப் போகலாம் என்றால் ஓய்வுப் பணம் கிடையாது. இருக்கலாம் என்றால் தெருவில் முகம் பார்த்துப் பேச ஆள் கிடையாது.

களத்தில் முதல் நாள் முடிந்து வந்தபோது கழுத்து, காது, இமை எல்லாம் தோகைத்தூள். ஜுரேமா ஒரு கிண்ணத் தண்ணீரில் துணியை நனைத்து அவன் கழுத்தைத் துடைத்தாள். தூள் குத்திக் குத்திச் சிவந்திருந்தது.

"சொல்லாம இருந்திருக்கலாம் கிழவி" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

"இருந்திருக்கலாம்."

கிண்ணத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. பாதிக் கழுத்து இன்னும் அப்படியே இருந்தது.

"முடியல" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். மறுநாள் விடியும்போது அவள் இரண்டு வாளிகளோடு குழாயடிக்குப் போனாள். நாதீர் முன்னால் நின்றிருந்தாள், அவளுக்கு முன்னால் பதினைந்து பேர். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை, யாரும் போ என்றும் சொல்லவில்லை. ஜுரேமா வாளிகளைக் கீழே வைத்து வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் முறை வரும்போது தண்ணீர் நூலாக இளைத்திருந்தது. ஒரு வாளி நிறையுமுன் நின்றுபோனது.